டெவனில் மேடு கொஞ்சம்தான்

இங்கே காரின் தலையில் சைக்கிள் வருகிறது. சனிக்கிழமை விடிகிற நேரத்தில் கடையின் ஷட்டரைத் தூக்கினால், எதிரே நிற்கிற பெரிய கார்களின் மேல் இரண்டிரண்டு சைக்கிள்கள் கட்டப்பட்டிருக்கும். இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. நான் பிறந்த சிவகங்கைப் பக்கத்தில் சைக்கிளின் மேல்தான் எல்லாம் வரும். பால் கேன் வரும், ஆட்டுக்குட்டி வரும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி பின்னால் உட்கார்ந்து வருவார். சைக்கிளைச் சுமக்க ஒரு வண்டி இருக்கிறது என்று சொன்னால் அங்கே சிரிப்பார்கள். அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவருகிற சைக்கிளில் இவர்கள் எங்கேயும் போவதில்லை. ஜெபல் ஜைஸ் மலையில் மூச்சு வாங்க மிதித்து ஏறுவார்கள், மேலே நின்று ஒரு போட்டோ எடுப்பார்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவார்கள். சும்மா வந்தவர்கள் சும்மா திரும்புவதற்கு இத்தனை வியர்வை.

எங்கள் கடை அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. முன்பாதி காபிக் கடை, பின்பாதி சைக்கிள் ரிப்பேர். நான் பின்பாதி ஆள். குளிர்கால சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம் என்பதால் முன்பாதிக்கு வந்து மேஜையும் துடைப்பேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களில் மூன்று பேர் எப்போதும் ஓரத்து மேஜைக்குத்தான் வருவார்கள். மூவரும் இங்கிலாந்துக்காரர்கள். அவர்கள் பெயர் என் நாக்கில் நிற்காது. அதனால் அவரவர் கவுண்டியை வைத்தே மனசுக்குள் கூப்பிடுவேன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. யார்க்ஷயர்காரர் பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, மேஜையைத் தட்டித்தான் பேசுவார். டெவன்காரர் ஒல்லி, எதற்கும் சிரிப்பார். மூன்றாமவர் லிங்கன்ஷயர்காரர். என்னை மாதிரி வாய் குறைந்த மனிதர். மூவரில் எனக்கு குட்மார்னிங் சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் சண்டை தொடங்கிவிடும். சைக்கிள் ஓட்ட இங்கிலாந்திலேயே எந்தக் கவுண்டி சிறந்தது? மேஜை மேல் சர்க்கரைப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கி யார்க்ஷயர்காரர் மலை காட்டுவார். எங்கள் மலையில் ஏறினால் நெஞ்சு வெடிக்கும், இரண்டு பக்கமும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர், ஆடுகள் ரோட்டில் படுத்திருக்கும் என்பார். அதெல்லாம் ஒரு மேடா என்று கேட்டு, டெவன்காரர் தன் மூலையில் இன்னும் நாலு பொட்டலத்தைக் குவிப்பார். எங்கள் ஊர்ச் சந்துகளில் ஒரு இறக்கம் முடிவதற்குள் அடுத்த ஏற்றம் முகத்தில் இடிக்கும், பக்கத்தில் ஆளை மறைக்கிற உயரத்துக்கு வேலிச்செடி, மேலே ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் கடல் என்பார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து லிங்கன்ஷயர்காரரைப் பிடித்துக்கொள்வார்கள்.

“உங்க ஊரை இஸ்திரிப் பெட்டி வெச்சுத் தேச்சிருக்காங்களா? அங்க உயரமா நிக்கிறது வயல்ல வெளையுற முட்டைக்கோஸ் ஒண்ணுதானே?” என்கிற மாதிரி கிண்டல் நடக்கும். அவர் காபியைப் பார்த்துக்கொண்டே, “எங்களுக்குக் காற்று இருக்கிறது” என்பார். அவ்வளவுதான் அவருடைய வாதம். 

சண்டை முடிந்து அவர்கள் எழுந்து போனதும் மேஜை மேல் சர்க்கரை சிந்திக் கிடக்கும். யார்க்ஷயரும் டெவனும் அங்கேதான் கிடக்கும். ஈரத்துணியால் ஒரே இழுப்பில் நான் இங்கிலாந்தைத் துடைத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அவர்களும் என்னை மாதிரி ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் அவர்களைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊரைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரல் தழுதழுப்பதில்லை, விளையாட்டு ஸ்கோர் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். நினைத்தால் அடுத்த வாரம் போய்விடலாம் என்கிறவனுக்குத்தான் ஊரை வைத்து விளையாட முடியும். நாங்கள் ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். எந்த மாவட்டம் சிறந்தது என்று ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. யாருக்கு லீவு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில்தான் எங்கள் சண்டை. மேட்டை ஒருவன் பெருமையாகப் பேசுகிறான் என்றால், அவனுக்கு அந்த மேட்டில் ஏறியே ஆக வேண்டிய அவசியம் இல்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு சீசன் ஆனது. கண்டுபிடித்த பிறகு நான் அதை வைத்து என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், எட்டு கிலோமீட்டர். வீட்டில் இருந்த ஒரே சைக்கிளை அண்ணன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். என்னோடு படித்த செல்வராசுக்கு அவன் அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பச்சைக் கலர், ஹேண்டில்பாரில் குஞ்சம். ஒரு மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சைக்கிளின் இரண்டு டயரிலும் வால்வைப் பிடுங்கிவிட்டேன். காற்று போகிற சத்தம் கேட்க இனிமையாக இருந்தது. அவன் தள்ளிக்கொண்டே போய்ப் புது வால்வு போட்டுப் பம்ப் அடித்து, மறுநாளும் பள்ளிக்கூடத்துக்குப் போனான். நான் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டச் சேர்ந்தேன். முதன்முதலில் நான் பஞ்சர் ஒட்டியது செல்வராசுவின் சைக்கிளுக்குத்தான். என் மகள் பதினொன்றாம் வகுப்பு வந்தபோது அவளுக்கு அரசாங்கத்தில் சைக்கிள் கொடுத்தார்கள். அதற்கு செயின் இறுக்கிப் பிரேக் வைத்துக் கொடுத்தவர் தெருமுனைக் கடைக்காரர். நான் இங்கே யார் யார் பிள்ளைகளுக்கோ சைக்கிள் பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் உண்டு.

இப்போது அந்தோணி. எங்கள் கட்டடத்தில் பக்கத்து ரூம். குளச்சல் பக்கம், என்னைவிடப் பத்து வயது இளையவன், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. பீங்கான் ஓடு செய்கிற ஃபேக்டரியில் சூளை டெக்னீஷியன். அவன் மனைவி ஜெசி குவைத்தில் நர்ஸ், மங்காஃபில் நாலு பெண்களோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். இரண்டு பிள்ளைகளும் ஊரில் அவளுடைய அம்மாவிடம். ஒரு குடும்பம் மூன்று இடத்தில் இருந்தது. ஃபேக்டரியில் விழுந்ததில் அந்தோணிக்கு இடது முழங்காலில் அடிபட்டு, சைக்கிள் மிதித்தால் வலிக்கும். நான்தான் அவன் சைக்கிள் சீட்டை உயரத் தூக்கி வைத்துக் கொடுத்தேன். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், வலி கூடும். சீட் கம்பியில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு டேப்பும் சுற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து அவன் வலி இல்லாமல் டூட்டிக்குப் போய்வந்தான். இங்கே ரோடு மேடு பள்ளம் இல்லாதது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்து வந்தவன் நேராக என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒரு காரியம் கேக்கணும். ஜெசிக்கு இங்கிலாந்துல கெடச்சாச்சு.”

“அப்படியா! நல்லதுப்பா.”

“ரெண்டு இடத்துல கெடச்சிருக்கு. ஒண்ணு டெவனாம், இன்னொண்ணு லிங்கன்ஷயராம். அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள எதுன்னு எழுதிக் குடுக்கணும். சம்பளம் ஒண்ணுதான். குடும்பத்தையும் கூட்டிட்டுப் போலாம்.”

“சரி.”

“எனக்குத்தான் லைசென்ஸ் கெடயாதே, இங்க நாலு தடவ தோத்தாச்சு. பிள்ளையள ஸ்கூல்ல விடணும், நான் வேலைக்குப் போணும், எல்லாம் சைக்கிள்லதான். உங்க கடைக்கு வெள்ளக்காரனுவ வாறானுவல்லா? சைக்கிளுக்கு எந்த ஊரு கொள்ளாம்னு கேட்டுச் சொல்லுங்க.”

“நான் எங்கப்பா கேக்குறது? எனக்குப் பேச வராதே.”

“பேசாண்டாம். காது இருக்குல்லா?” என்று சிரித்தான்.

நான் கேட்க வேண்டியதே இல்லை. நாலு சீசனாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த நிமிடமே லிங்கன்ஷயர் என்று பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கையிலிருந்த போனில் அவன் மனைவி எழுதியிருந்த செய்தி திறந்தபடி இருந்தது, அதில் ஒரு வீட்டுப் படம் இருந்தது. செங்கல் வீடு, சின்ன வாசல், மேலே இரண்டு ஜன்னல். நாலு பேர் அந்த ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவார்கள், ராத்திரி அதே கதவைச் சாத்துவார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடம். இங்கே வந்த பதினெட்டு வருடத்தில், லீவுகளைச் சேர்த்துப் பார்த்தால் என் மனைவியோடு நான் இருந்தது மூன்று வருடம்கூட முழுதாக வராது. அந்தோணி நல்லவன், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவன். அதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்த நிமிடம் என் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஜெசியை வீடியோவில் கூப்பிட்டு, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். நர்ஸ் உடுப்பில் இருந்தாள், பின்னால் யாரோ தலை சீவிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, விசாரிச்சியளா?”

“விசாரிச்சேம்மா. சைக்கிளுக்கு டெவன்தான் பெஸ்ட்டுங்குறாங்க. லிங்கன்ஷயரை எல்லாரும் கிண்டல் பண்ணுறாங்க.”

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்த மேஜையில் உட்கார்ந்து கேட்கிற யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நர்ஸ் இல்லையா, அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“மேடு பள்ளம் உண்டா? இவருக்கு முட்டு வய்யாதுல்லா, அதுக்குத்தான் கேக்கேன்.”

“கொஞ்சம்” என்றேன்.

வால்வைப் பிடுங்கினபோது கேட்ட அதே சத்தம் என் காதில் கேட்டது. இந்தத் தடவை இனிமையாக இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இனிமையாகத்தான் இருந்தது, இரண்டு நாளைக்கு. மூன்றாம் நாளிலிருந்துதான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு ரூமுக்கும் ஒரே குளியலறை, தினமும் அந்தோணி என்னைத் தாண்டித்தான் அதற்குப் போவான். “டெவன்ல கடல் உண்டாம் அண்ணே, நம்ம ஊரு மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போவான். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன், மூடிக்கொள்வேன். கூச்சம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். என் கூச்சம் எனக்கு எத்தனையோ இடத்தில் ஒளிய இடம் கொடுத்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை, கடைசி நாளுக்கு முந்தின நாள். எனக்குத் தெரிந்தது போதாது, அந்த ஊர்க்காரர் வாயாலேயே கேட்டுக்கொண்டுபோய்ச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். மற்ற இரண்டு பேரும் கைகழுவப் போன நேரம் பார்த்து லிங்கன்ஷயர்காரர் பக்கத்தில் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக ஒரு வெள்ளைக்காரரிடம் பேச்சைத் தொடங்கினேன். “சார், மை ஃப்ரெண்ட் கோ இங்கிலாந்து. லிங்கன் குட்? டெவன் குட்?” அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கைகளை விரித்து மெதுவாக, “விசா விஷயத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ரொம்ப கஷ்டம், மன்னித்துவிடுங்கள்” என்றார். நான் எனக்காகத்தான் கேட்கிறேன், ஃப்ரெண்ட் என்பது சாக்கு என்று நினைத்துவிட்டார். காது சுட்டது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் சாத்தியிருந்த அவருடைய சைக்கிள் சீட்டைத் தொட்டேன், என் முழங்காலைத் தொட்டேன், முகத்தைச் சுளித்து வலி என்று காட்டினேன். பிறகு கையால் மேடு மாதிரி வளைத்துக் காட்டி, “நோ” என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் அப்படியே மாறியது. இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துச் சமமாகத் தடவினார். சர்க்கரை எல்லாம் ஓரத்துக்குப் போனது. “லிங்கன்ஷயர். இப்படித்தான் இருக்கும். ஒன்றுமில்லை, காற்றுதான்” என்றார். டெவன் என்றதும் தலையை ஆட்டி, முழங்காலைத் தட்டிக் காட்டி, “நோ, நோ” என்றார். அவர் ஊரை ஒருவன் விரும்பிக் கேட்டது அந்த மேஜைக்கு அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையோடு டூட்டி முடிகிறவரை வேலை செய்தேன்.

அந்தோணி ரூமில் இப்போதே பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

“அந்தோணி, டெவன் வேணாம்ப்பா. அங்க பூரா மேடு. லிங்கன்ஷயர்னு எழுதச் சொல்லு.”

அவன் நிமிர்ந்தான். “வியாழக்கிழமையே எழுதியாச்சே அண்ணே. நீங்க சொல்லியாச்சேன்னு அவ அனுப்பிட்டா.”

“மாத்தச் சொல்லலாம்ல?”

“மத்த இடத்த வேண்டாம்னு எழுதியாச்சு. இனி மாத்தக் கேட்டா ரெண்டும் போவும்.” பிறகு கேட்டான். “கொஞ்சம்னுல்லா சொன்னிய? அப்பம் தெரியாதா?”

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

“தெரியும்.”

“எனக்க முட்டு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே சீட்டத் தூக்கி வச்சுத் தந்தது?”

“தெரியும்ப்பா. நீங்க நாலு பேரும் ஒரே வீட்ல இருப்பீங்கல்ல. அது எனக்குப் பொறுக்கல.”

கொஞ்ச நேரம் பெட்டியின் ஜிப்பை இழுத்தான், திறந்தான், மறுபடி இழுத்தான். “ஆறு வருசம் அண்ணே. ஆறு வருசமா அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீங்க என்னைய ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்” என்றான். அதற்குப் பிறகு அவன் என்னைத் தாண்டிக் குளியலறைக்குப் போகும்போது ஒன்றும் சொல்வதில்லை. விசா வந்து கிளம்புகிற அன்றைக்கு மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் கட்டில் ஓரத்தில் சாத்தினான். “வச்சுக்கோங்க. அந்த ஊருக்கு இது ஆவாது” என்றான். சாவியைக் கையில் தரவில்லை, தலையணை மேல் வைத்துவிட்டுப் போனான்.

மூன்று மாதம் சத்தமே இல்லை. பிறகு ஒரு நாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நான் கடையின் பின்பாதியில் வீல் ஒன்றுக்குக் கம்பி நேராக்கிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு போனைக் காதில் வைத்தேன். பின்னால் காற்றுச் சத்தம், அவனுடைய மூச்சு இரைப்பு.

“அண்ணே, சவம் இது ஊரா ஏணியா? எங்க வாசல்ல நிண்ணு பாத்தா எதுத்த வீட்டுக் கூரை காலுக்குக் கீழ கெடக்கு. ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். ஏத்தத்துல எங்க மிதிக்க? தள்ளிட்டுத்தான் போறேன். முட்டு ராத்திரி தெறிக்குது, ஜெசி தைலம் போட்டு விடுதா, உங்களத் திட்டிட்டே போடுதா. சின்னவ ஒருத்தி இருக்காள்லா, அவ சைக்கிளுக்குப் பின்னால நிண்ணு தள்ளுதா. பெரியவன் எண்ணுதான், அப்பா எத்தன இடத்துல நிப்பாருன்னு. இன்னைக்கு ஏழு.” அதோடு முடிந்துவிட்டது. பின்னால் ஒரு பெண்பிள்ளை தமிழும் இங்கிலீஷும் கலந்து ஏதோ கத்தியது மட்டும் கேட்டது.

நான் அதை அன்றைக்கு நாலு தடவை கேட்டேன். அவன் மன்னித்தானா என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சின்னப் பெண் தள்ளுவதைக் கேட்கத்தான் கேட்டேன். அவனுக்குக் கஷ்டமான இடமாகப் பார்த்து அனுப்பினேன். அந்தக் கஷ்டத்திலும் அவனுக்குப் பின்னால் நின்று தள்ள ஒரு ஆள் இருக்கிறாள், வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே என்னைத் திட்ட ஒரு ஆள் இருக்கிறாள். என் ரோட்டில் மேடே கிடையாது, எனக்கு முழங்காலில் வலியும் கிடையாது. அந்த மேட்டின் மேல்கூடப் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன மாதம் புது சீசன் தொடங்கி மூவரும் மறுபடி வந்தார்கள். சண்டை நடுவில் லிங்கன்ஷயர்காரர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இவரைக் கேளுங்கள், இவருக்குத் தெரியும் என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். சைக்கிளுக்கு எந்தக் கவுண்டி சிறந்தது? மூன்று வெள்ளை முகங்கள் என்னைப் பார்த்தன. துணியைக் கையில் சுற்றிக்கொண்டே, “டெவன், சார்” என்றேன். லிங்கன்ஷயர்காரர் வாய் பிளந்தது. டெவன்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார், ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “ஃபேமிலி தேர், சார்” என்றேன். அந்தோணியின் குடும்பத்தைத்தான் சொன்னேன். அவர் எழுந்து என் தோளில் கைபோட்டார். “உங்கள் குடும்பம் டெவனிலா இருக்கிறது? சொல்லவே இல்லையே! எப்போது போகிறீர்கள்?” என்றார். இல்லை சார் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். “நெக்ஸ்ட் இயர், சார்” என்றேன். மூவரும் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் போனபிறகு மேஜையைத் துடைத்தேன். டெவன் இருந்த மூலையை மட்டும் கடைசியில் துடைத்தேன்.

இப்போதெல்லாம் ரூமிலிருந்து கடைக்கு அந்தோணியின் சைக்கிளில்தான் போகிறேன். சீட் அவன் உயரத்துக்கு இருக்கிறது, சிவப்பு டேப்பும் அப்படியே இருக்கிறது. நான் அவனைவிட அரை அடி குள்ளம். ஸ்பேனர் என் பையிலேயே கிடக்கிறது, ஒரு நட்டைத் தளர்த்தினால் சீட் இறங்கிவிடும், இரண்டு நிமிட வேலை. இறக்கவில்லை. பெருவிரல் நுனியால் மிதித்துக்கொண்டு போகிறேன். ஓடிக்கொண்டிருக்கிறவரை ஒன்றும் தெரிவதில்லை. மலை ரோடு பிரிகிற இடத்தில் சிக்னல் விழும். பக்கத்தில் சைக்கிளைத் தலையில் சுமந்துகொண்டு கார்கள் நிற்கும். அப்போதுதான் இரண்டு காலும் தரையைத் தேடும். எட்டாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிக்னல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பச்சை விழுகிறவரை அப்படியே தொங்கிக்கொண்டிருப்பேன்.